ஒரு கிரேக்கச் சொல்லும் தொரசாணி என்ற ஆடும்

ஒரே ஒரு சொல்லைப் பற்றி அரைமணி நேரம் பேசுவதற்காக ஒருவனைக் கடல் தாண்டிக் கூப்பிடுவார்கள் என்பதை என் மனைவி நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஆனால் கூப்பிட்டவர் ஜெயசீலன். அவர் எதையும் செய்யக்கூடியவர்.

ஜெயசீலன் யாழ்ப்பாணத்துக்காரர். இப்போது கண்டிக்கு மேலே கலஹாவில் இருந்துகொண்டு, சுற்றிலும் உள்ள தேயிலைத் தோட்டச் சபைகளுக்குப் பாஸ்டராக இருக்கிறார். இளவயதில் வேதாகமக் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் கிரேக்கம் படித்தோம். அவர் படித்து முடித்தார். நான் பாதியில் நின்று பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தப் போய்விட்டேன். அவர் ஆத்துமாக்களைத் திருத்துகிறார், நான் ஒற்றுப்பிழைகளை. இருவர் வேலையும் முடிகிற மாதிரி தெரியவில்லை.

“அறுவடைப் பண்டிகைக்கு வாரும்” என்றார் தொலைபேசியில். “இந்தியாவில இருந்து ஆள் வருது எண்டால் சனம் வரும். உம்மட அந்தச் சொல்லைப் பற்றிக் கதையும்.”

“எந்தச் சொல்?”

“உமக்கு வேற சொல்லும் தெரியுமே?”

அந்தச் சொல் ‘அப்போலெயா’. இழப்பு என்று பொருள். புதிய ஏற்பாட்டில் இதற்கும் இதன் வினைச்சொல்லுக்கும் ஓய்வே இல்லை. காணாமற்போன ஆடு, தொலைந்த வெள்ளிக்காசு, வீட்டை விட்டுப் போன இளைய மகன், கிழிந்து கெட்டுப்போகும் திராட்சரசத் துருத்தி, படகில் சீடர்கள் மடிந்துபோகிறோம் என்று அலறுவது, எல்லாவற்றுக்கும் ஒரே வேர்தான். தலைமயிரில் ஒன்றும் அழியாது என்ற வாக்குறுதியிலும் அதே வினைதான் வருகிறது. என் விஷயத்தில் அந்த வாக்குறுதி எப்போதோ கைவிட்டுப் போய்விட்டது. தமிழில் இடத்துக்கு இடம் வேறு வேறு வார்த்தை போட்டிருக்கிறார்கள். அது சரியும்கூட. ஆனால் உள்ளே ஓடும் நூல் நமக்குத் தெரிவதில்லை. இதைப் பற்றிப் பல வருடங்களாக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்காததால் அது இன்னும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கண்டியில் இறங்கியபோது மழை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் ஒதுங்கி ஒரு தேநீர் கேட்டேன். பரிமாறுபவர் தேநீரோடு ஒரு பெரிய தட்டையும் வைத்துவிட்டுப் போனார். அதில் ரோல்ஸ், கட்லட், உளுந்து வடை, மீன் வைத்த பன், முக்கோணமாக மடித்த ரொட்டி எல்லாம் குவிந்திருந்தன. விருந்தோம்பலில் இவர்கள் நம்மை மிஞ்சிவிட்டார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். கர்த்தரே ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த பிறகு, மீந்த துணுக்குகள் ஒன்றும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னவர். அங்கேயும் என் சொல்லின் வினைதான். ஆகவே கடமையாகத் தின்றேன். ஏழாவது உருப்படியில் மூச்சு முட்டியது.

பரிமாறுபவர் வந்து காலித் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் தமிழில் எனக்கு மொழிபெயர்த்தார்: “சேர், விருப்பமானத மட்டும் எடுத்தாப் போதும். மிச்சத்த அடுத்த மேசைக்குக் கொண்டு போவாங்க. இவர் இங்க வந்ததுல இருந்து தட்டு காலியானத இன்னைக்குத்தான் பாக்குறாராம்.”

எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தேன். மொழிபெயர்த்தவர் தன் பையிலிருந்து ஒரு இஞ்சி மிட்டாய் எடுத்துத் தந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் தந்தது அந்த மிட்டாய்தான்.

சனிக்கிழமை கலஹா பஸ். ஓட்டுநருக்கு முன்னால் புத்தரும் பிள்ளையாரும் ஒரே மாலையைப் பங்கிட்டுக்கொண்டு இருந்தார்கள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்ற என் தோளிலிருந்து பையை ஒரு கை உருவியது. திருட்டு என்று பதறித் திரும்பினால், சன்னலோரத்தில் ஒரு சிங்கள அம்மாள் என் பையைத் தன் மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தார். அங்கே அதுதான் முறையாம். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் உட்கார்ந்திருப்பவர் சன்னலுக்கு வெளியே இயற்கையை ரசிப்பார்.

அம்மாள் ஏதோ கேட்டார். அருகில் நின்ற இளைஞன் சொன்னான்: “பைக்குள்ள கல்லா வச்சிருக்கீங்கன்னு கேக்குறாங்க.”

“கிரேக்க அகராதி.”

அவன் அதை எப்படி மொழிபெயர்த்தானோ தெரியவில்லை. அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பையின் மேல் தன் கைக்குட்டையை விரித்து மூடினார். இறங்கும்போது அதைப் பத்திரமாக என் கையில் கொடுத்தார். நன்றி சொல்ல எனக்குச் சிங்களம் வரவில்லை. கும்பிட்டேன்.

ஞாயிறு காலை. தோட்டத்துக் கோயில் ஒரு மேட்டில் இருந்தது. பீடத்தைச் சுற்றி லீக்ஸ், பீட்ரூட், கோவா என்று அவர்கள் சொல்லும் முட்டைக்கோஸ், வாழைக்குலை, பூசணி, கேக், ஒரு கூடை முட்டை. நான் ஏறிப் பேசினேன். ஒரு பெண் விலையுயர்ந்த பரிமளதைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றிய கதையைச் சொன்னேன். இந்த வீண்செலவு எதற்கு என்று சீடர்கள் முறுமுறுத்தார்கள். அந்த ‘வீண்செலவு’தான் அப்போலெயா. யோவான் அந்தக் கதையைச் சொல்லும்போது அப்படிக் கேட்டவன் யூதாஸ் என்கிறார். அவரே இன்னோரிடத்தில் யூதாஸைக் கேட்டின் மகன் என்கிறார். அந்தக் ‘கேடு’ம் அப்போலெயாதான். ஆகவே அன்பினால் செய்யும் வீண்செலவு இழப்பல்ல, அதைக் கணக்குப் பார்ப்பதே இழப்பு என்று முடித்தேன். முன்வரிசையில் ஒருவர் விழித்திருந்தார். எனக்கு அது போதும். உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களுக்கு ஏலம். ஏலம் போட்டவர் சாமுவேல் என்ற ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. தொண்டை அப்படி. ஒரு முட்டையை ஒருவர் எடுத்து, அதையே திருப்பிக் கோயிலுக்குக் கொடுக்க, மறுபடி ஏலம், மறுபடி திருப்பி. அந்த முட்டை பீடத்துக்கும் பெஞ்சுக்கும் நடந்த நடையில் குஞ்சு பொரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்து ஏலம் மாதிரியே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி.

கடைசியாக ஒரு வெள்ளாட்டைக் கொண்டு வந்தார்கள். பால் நிறம். தலையைத் தூக்கிச் சபையை ஒரு பார்வை பார்த்தது. “தொரசாணி வந்துட்டா” என்று பெண்கள் பக்கம் சிரிப்பு. வெள்ளைக்காரத் துரையின் மனைவியைச் சொல்லும் அந்தப் பேர் ஆட்டுக்குப் பொருந்தித்தான் இருந்தது.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து ஒரு விலை சொன்னாள். சாமுவேல் உடனே, “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று அவசரமாக ஓட்டினார். எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நல்ல ஆட்டுக்கு ஒரே ஒரு ஆளா? அதுவும் வீண்செலவின் மகிமையைப் பற்றி நான் இப்போதுதானே பேசினேன்? கையைத் தூக்கினேன். போதாததற்கு நம் பணத்தில் மாற்றிப் பார்த்தால் அங்கே எதுவும் மலிவாகத் தெரியும்.

கோயில் அமைதியானது. பாராட்டு என்று நினைத்தேன். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். தாராளத்தில் போட்டி என்று எடுத்துக்கொண்டு நானும் ஏற்றினேன். சாமுவேல் இருமினார். “சேர், நீங்க விருந்தாளி. ஒங்களுக்கு எதுக்குங்க சிரமம்.”

“எனக்கென்ன சிரமம், போடுங்க” என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். மூன்று தரம் சொல்லி மணி அடித்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை.

பகல் சாப்பாட்டுக் கறியில் உப்பு கூடிப்போன வழக்கைத் தீர்க்க வெளியே போயிருந்த ஜெயசீலன் அப்போதுதான் உள்ளே வந்தார். என் கையில் ஆட்டுக் கயிறு. அவர் முகம் மாறியது. என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

“என்ன வேலை பாத்தீர்? அது புஷ்பராணியின்ர பொருத்தனை ஆடு. அவவின்ர தங்கச்சி கலாவுக்கு மலையில கொழுந்து எடுக்கேக்க குளவி கொட்டினது. உடம்பு முழுக்க. கண்டி ஆஸ்பத்திரியில சாகக் கிடந்தவ. பிழைச்சால் ஆட்டைத் தாறன் எண்டு இவ நேர்ந்தவ. பிழைச்சிட்டா. ஆனா இன்னும் வேலைக்குப் போக ஏலாது. ரெண்டு பேருக்கும் இந்த ஆடுதான் கைமுதல். சினையாடு, காணும்.”

“பிறகு ஏன் ஏலத்தில் விட்டார்கள்?”

“நேர்ந்தவ கேக்கிற விலைக்கு மேல ஒருத்தரும் கேக்கிறேல்ல. அதுதான் இஞ்சத்த வழக்கம். கோயிலுக்குக் காணிக்கை வரும், ஆடு வீட்டை போகும்.”

“எனக்கு ஏன்வே சொல்லல?”

“நீர் கை தூக்குவீர் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? உம்மைத் தெரிஞ்ச நாளில இருந்து நீர் ஒரு தேத்தண்ணிக்குக் காசு குடுத்ததை நான் கண்டதில்லை.”

முட்டையைப் போல இதையும் திருப்பிக் கொடுத்து மறு ஏலம் விடலாமே என்றேன். பொருத்தனைப் பொருளை இரண்டாம் முறை ஏலம் போடுவதில்லையாம். ஆட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மிகை. தொரசாணி தன் வேகத்தில்தான் வந்தாள். புஷ்பராணி செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியாம செஞ்சிட்டேம்மா. ஆடு உங்களுக்குத்தான். பிடிங்க.”

“எனக்கு எதுக்குங்க? நீங்க ஏலத்துல எடுத்தது.”

“சும்மா தாரேன். நான் இத வச்சு என்ன செய்யப் போறேன்?”

“சாமிக்கு நேந்து விட்டத சும்மா திருப்பி வாங்கிக்கவா? வாங்கிட்டுப் போயி நாளைக்கி அவளுக்கு ஒண்ணுன்னா, நீங்க வருவீங்களா இந்தியாவுல இருந்து?”

ஜெயசீலன் குறுக்கிட்டார். “புஷ்பராணி, கடவுள் அப்பிடிக் கணக்குப் பாக்கிறவர் இல்லை.”

“ஒங்களுக்குக் குளவி கொட்டலிங்க பாஸ்டர்.”

அவள் ஆட்டின் கழுத்துக் கயிற்றை இரண்டு விரல் விட்டுத் தளர்த்திக் கட்டினாள். “இறுக்கிக் கட்டாதீங்க. மழையில நனைய விடாதீங்க. குனிஞ்சு வயித்தப் புடிச்சுத் தூக்காதீங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடு பார்த்துக்கொண்டே நின்றது.

கலஹா வரை ஓட்டோவில் மூன்று பேர்: நான், ஜெயசீலன், நடுவில் தொரசாணி. வளைவுக்கு வளைவு அவள் என் மேல் சாய்ந்தாள். மூன்றாவது வளைவில் என் பிரசங்கக் கால்சட்டையை நனைத்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “பரவால்ல சேர், சீட்டுல படலயே” என்றார்.

திங்கள் முழுவதும் மழை. பாஸ்டர் வீட்டுக் கொட்டகையில் ஆடு விடிந்ததிலிருந்து கத்தியது. நான் அறுத்துக் கொடுத்த புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஜெயசீலனின் மனைவி சுகந்தி அக்கா இடியப்பத்துக்குச் சொதி ஊற்றியபடியே சொன்னார்: “ஒண்டில் ஆடு, இல்லாட்டில் நான்.”

“உம்மட கிரேக்கச் சொல்லு இப்ப என்ர கொட்டிலுக்குள்ள நிண்டு கத்துது” என்றார் ஜெயசீலன்.

அவர் வேடிக்கையாகச் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. வீண்செலவு என்றும் கேடு என்றும் இரண்டு பொருள் தரும் சொல்லைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை காலை பேசினேன். மதியத்துக்குள் இரண்டையும் செய்து காட்டிவிட்டேன். தைலக்காரியைப் போல ஊற்றுகிறேன் என்று நினைத்தேன். ஊற்றியது என்னுடையது அல்ல, இன்னொருத்தியுடையது. தைலத்துக்கு விலை கொடுத்தவள் புஷ்பராணி. கல்லூரியில் இந்த வித்தியாசத்தை எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அல்லது அந்த வகுப்புக்கு நான் போகவில்லை.

மத்தியானம் சுகந்தி அக்கா சொல்லியனுப்பி, கலஹா பஸாரில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எல்லோரும் ‘நானா’ என்று அழைப்பவர், வந்தார். நல்ல உயரம், கையில் குடை. கொட்டகைக்குள் குனிந்து பார்த்தவர் உடனே நிமிர்ந்தார்.

“இது புஷ்பராணிட ஆடேன். வயித்துல குட்டி ஈக்கி. நான் எடுக்கியல்ல.”

“விலை எதுவானாலும் சரி” என்றார் சுகந்தி அக்கா.

“வில இல்ல பாஸ்டரம்மா விசயம். இத எடுத்தா அந்த லயத்து வீட்டுப் பக்கம் எனக்குப் பொறகு நடக்கேலா.” பிறகு என் பக்கம் திரும்பி, “இது எப்பிடி ஒங்கட கையில சேர்?” என்றார்.

நான் சொல்லச் சொல்ல அவர் குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, சுகந்தி அக்கா தண்ணீர் கொண்டுவந்தார். “பயான் கேட்டவங்க ஒத்தரும் கை தூக்கல்ல. பயான் சொன்னவரு தூக்கீக்காரு” என்று கண்ணைத் துடைத்தார். பயான் என்றால் பிரசங்கம். போகும்போது மட்டும் சிரிப்பில்லாமல் சொன்னார்: “பின்னேரம் அந்தப் பக்கம் போற வேல ஈக்கி. ஆடு இங்க சொகமா ஈக்கின்னு சொல்லி வைக்கிறன்.”

செவ்வாய்க்கிழமை காலை மழை விட்டிருந்தது. கேட்டருகே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். முகத்திலும் புறங்கைகளிலும் கறுத்த தழும்புகள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றாள். கையில் ஒரு உரப்பை.

“நான் புஷ்பராணி தங்கச்சி கலா. ஆடு விக்கிறீங்கன்னு நானா சொன்னாரு. வாங்க வந்தேன்.”

நான் கயிற்றை அவிழ்க்கவே ஓடினேன். “விக்கவெல்லாம் வேண்டாம்மா, கொண்டு போங்க.”

“அதான் கூடாதுங்கறேன்” என்றாள். “அக்கா நேந்துச்சு. அக்கா திருப்பி வாங்கக் கூடாது. சரி. நான் ஒண்ணும் நேரலயே. எனக்கு அப்ப நெனவே இல்ல. நான் வாங்குனா யாரு என்ன கேக்க முடியும்? ஆனா சும்மா வாங்கிட்டுப் போனா அக்கா வாசல்லயே நிப்பாட்டிரும். வெல பேசித்தான் வாங்கணும். பாஸ்டர் சாட்சி.”

உரப்பையைத் திறந்தாள். ஒரு சுரைக்காய், இரண்டு கட்டுக் கீரை, தேயிலைத்தூள் பொட்டலம் ஒன்று.

“போதும், போதும். ஆடு உங்களுக்குத்தான்.”

கலா கீரையை மறுபடி பைக்குள் வைத்தாள். “என்னாங்க நீங்க? ஒடனே சரின்னா அது யாவாரமா? பத்தாதுன்னு சொல்லுங்க.”

ஜெயசீலன் திண்டாடும் என்னைப் பார்த்து, “சொல்லும், காணும்” என்றார்.

“பத்தாது” என்றேன். “இன்னும் ஒரு கட்டுக் கீரை வேணும்.”

“கட்டாதுங்க.”

“சினையாடு. நல்ல சாதி.”

“சாதியெல்லாம் எனக்குத் தெரியும். ரெண்டு நாளா ஒழுங்காத் திங்கலன்னு நானா சொன்னாரு. எளச்சுப் போயிருக்கு. சொரைக்காயே கூடுதல்.”

என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே பேரம் அது. கடைசியில் அதே சுரைக்காய், அதே இரண்டு கட்டு, அதே பொட்டலம். பாஸ்டர் சாட்சி. கலா கயிற்றைப் பிடித்ததும் ஆடு கத்துவதை நிறுத்தியது.

அவளைத் தனியே ஏற விட மனமில்லாமல் நானும் உடன் போனேன். பஸ்ஸில் பாதி தூரம், பிறகு ஏற்றம். பஸ்ஸில் ஆட்டை எப்படி ஏற்றினோம் என்று கேட்காதீர்கள். நடத்துநருக்குக் கலாவின் ஊர்க்கதை எல்லாம் தெரிந்திருந்தது என்பது மட்டும் போதும். தேயிலைக்கு நடுவே ஏறும் பாதையில் கலா இருபது எட்டுக்கு ஒருமுறை நின்றாள். ஆடும் நின்றது.

“நீங்க என்னமோ வேற பாசையில பேசுனீங்களாமே? அக்கா சொல்லுச்சு.”

“ஒரு சொல்லைப் பற்றிப் பேசினேன். இழப்புன்னு அர்த்தம்.”

“ஒரு வார்த்தைக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, என் மனம் நோகக் கூடாதென்று, “நல்லதுதான்” என்று சேர்த்துக்கொண்டாள்.

அவள் மறுபடி நின்று மூச்சு வாங்கினாள். காணாமற்போன ஆட்டுக்கும் அழிந்துபோன ஆட்டுக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான். இத்தனை வருடமாக அதை ஒரு வறுமையாகவே என் கட்டுரையில் எழுதி வந்திருக்கிறேன். இந்த ஏற்றத்தில் வேறு மாதிரி தோன்றியது. எது காணாமற்போனது, எது அழிந்தது என்பது சொல்லில் இல்லை. யாராவது தேடிக்கொண்டு வருகிறார்களா என்பதில் இருக்கிறது. சுரைக்காயைத் தூக்கிக்கொண்டு, நிற்கவே முடியாத காலோடு ஒருத்தி மலையிறங்கி வந்தால் அது காணாமற்போன ஆடு. ஒருவரும் வரவில்லையென்றால் வேறு. அகராதியைப் பாஸ்டர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். நல்லதாய்ப் போயிற்று.

லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை அடைந்தபோது புஷ்பராணி அரைநாள் வேலை முடிந்து கொழுந்துப் பையோடு வந்துகொண்டிருந்தாள். ஆட்டைப் பார்த்ததும் நின்றாள்.

“என்னாடி இது?”

“என் ஆடு. வெல குடுத்து வாங்குனது. பாஸ்டர் சாட்சி.”

“நான் நேந்து விட்டது.”

“நீ சாமிக்குக் குடுத்த. சாமி ஏலத்துல இவருக்குக் குடுத்துச்சு. இவருகிட்ட நான் வாங்குனேன். இதுல நீ எங்க வார?”

புஷ்பராணி என்னைப் பார்த்தாள். “என்னா வெலைங்க?”

“கடுமையான பேரம்” என்றேன். அது பொய்யில்லை.

“புல்லு யாரு அறுக்கறது? இவளால குனிய முடியாது.”

“ஒன்னயக் கூலிக்கு வச்சுக்கறேன்” என்றாள் கலா.

காம்பிரா எனப்படும் பக்கத்து அறைகளில் இருந்து இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். புஷ்பராணி கொழுந்துப் பையை இறக்கிவைத்தாள். ஆட்டிடம் போய்க் கழுத்துக் கயிற்றுக்குள் இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். தளர்வாகத்தான் இருந்தது. பிறகு வயிற்றில் உள்ளங்கையை வைத்து, காது கொடுப்பதுபோல் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். அவள் தோள்கள் அப்போதுதான் இறங்கின. முகத்தை அதன் முதுகில் ஒருமுறை தேய்த்துக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. கலாவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பால் இல்லாத தேநீரும், உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் கொடுத்தார்கள். சீனியை நக்கியபடி அதைக் குடித்தேன். அதைவிட நல்ல தேநீரை நான் குடித்ததில்லை.

விடைபெற எழுந்தபோது, “மன்னிச்சிருங்கம்மா” என்றேன்.

புஷ்பராணி ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: “அடுத்த வருசம் பண்டிகைக்கு வருவீங்களா?”

“கூப்பிட்டா வருவேன்.”

“நான் கூப்புடுறேன், வாங்க. பக்கத்துல எடம் போட்டு வைக்கிறேன்” என்றாள். “ஏலம் தொடங்குனதும் ஒங்க ரெண்டு கையையும் நான் புடிச்சுக்கறேன்.”